படிக்கக் கேட்டுப் போட்ட கையெழுத்து

அந்த வியாழக்கிழமை ஆவணிக் கடைசியில் வந்ததா, புரட்டாசி பிறந்துவிட்டிருந்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. குறுவை நெல் பால் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. தூறல் விழுந்ததாகவும் ஒரு நினைவு. கமருன்னிஸாவைக் கேட்டால், ஒரு சொட்டுகூட இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறாள். அவள் சொல்வதையே வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நடந்த எல்லாவற்றையும் காதில் வாங்கியவள் அவள்.

வருஷம் மட்டும் நிச்சயம். எழுபத்திரண்டு.

சேக் தாவூது ராவுத்தருக்கு இரண்டு காதும் கேட்காது என்பது இந்தக் கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். அவருடைய ஊருக்குத் தெரியாது. எழுபதாம் வருஷம் அவர் நெஞ்சில் டிபி வந்தது. ஆஸ்பத்திரியில் தொண்ணூறு ஊசி போட்டார்கள். இருமலும் ரத்தமும் நின்றன. அறுபதாவது ஊசிக்கு அப்புறம் காதுக்குள் ஒரு பம்புசெட் ஓட ஆரம்பித்தது. தொண்ணூறு முடிந்தபோது பம்புசெட் ஓடிக்கொண்டே இருந்தது. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

"உசிரக் காப்பாத்துன மருந்து காது நரம்பத் தின்னுடுச்சு" என்றார் டாக்டர். "மெஷின் வெச்சும் பிரயோசனம் இல்ல. செத்த நரம்பு செத்ததுதான்."

நரம்போடு உடம்பின் நிதானமும் போயிற்று. வரப்பில் நடந்தால் ஆடினார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஹமீதா பானுவுக்குக் குடவாசலில் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். டிபி வந்த வீடு என்று தெரிந்தால் பேச்சு அத்தோடு முறியும். தாவூதின் மனைவி கமருன்னிஸா ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் அடுப்பில் போட்டாள். நோயை மறைக்க வேண்டுமானால் நோய் கொடுத்த செவிட்டையும் மறைத்தாக வேண்டும். அதையும் மறைத்தாள்.

எப்படி மறைத்தாள் என்பதுதான் விசேஷம். தெருவில் அவர் பின்னால் அரையடி தள்ளி நடப்பாள். கையில் குடை. யாராவது பேச்சுக் கொடுத்தால் குடைக் காம்பு அவர் முதுகைத் தொடும். ஒரு தொடுகை என்றால் "ஆமா". இரண்டு என்றால் சிரிக்க வேண்டும். சாவு விழுந்த மௌத் வீடு ஒன்றில் கை தவறி இரண்டு தொட்டுவிட்டாள். அந்த வீட்டார் இன்றுவரை பேசுவதில்லை. மற்றபடி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மனுஷன் கொஞ்சம் கர்வம் பிடித்தவர், அதிகம் பேசமாட்டார் என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது.

உண்மை தெரிந்தவன் ஒரே ஒருத்தன். தாவூதின் தம்பி யூனுஸ். பினாங்கிலிருந்து திரும்பி வந்திருந்தவன். ரத்தம் கக்கிய முதல் நாள் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான்.

இப்போது தாலுகா ஆபீசிலிருந்து, வியாழக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது.

சாகுபடி செய்கிற குத்தகைதாரன் பேர் சர்க்கார் புத்தகத்தில் ஏறிவிட்டால், அப்புறம் மிராசுதார் நினைத்தபடி அவனை வெளியேற்ற முடியாது. தாவூது முப்பது வருஷமாக உழுகிற எட்டு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டரைக்குக் கொஞ்சம் கூட, நாகேஸ்வரன் என்பவருடையது. அவர் மெட்ராசில் வாத்தியார் வேலை பார்க்கிறார். ஊர்ப் பக்கம் வந்து ஆறு வருஷம். அவருடைய காரியஸ்தர் சாமா, தாவூது பேரைப் பதியக்கூடாது என்று ஆட்சேப மனு கொடுத்திருந்தார். நிலத்தை இப்போது உழுவது வேறு ஆள் என்றது மனு. அந்த ஆளின் பேர் யூனுஸ்.

கமருன்னிஸா அஞ்சாவது வரை படித்தவள். நோட்டீசை இரண்டு முறை படித்தாள். தாவூதுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழில் கையெழுத்து மட்டும் போடுவார். தாளைக் காட்டி, என்ன என்று புருவத்தை உயர்த்தினார்.

அவர் பார்க்கும்படி உதட்டை மெதுவாக அசைத்துச் சொன்னாள். "பேரு கேக்கறாங்க. அவ்ளோதான்."

தம்பி பேரைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் அவராகத் தேடிப் போய் உட்காரும் வீடு அது ஒன்றுதான். யூனுஸ் கொண்டுவந்த ரேடியோப் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அதையும் பிடுங்குவதா?

அப்படித்தான் அந்தக் காலை விடிந்தது.

பஸ்சுக்கு நடக்கும்போது வாய்க்கால் ஓரத்தில் தாவூது இரண்டு முறை ஆடினார். களை பறிக்கப் போய்க்கொண்டிருந்த நாகம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"என்னா ராவுத்தரம்மா, ஐயா விடியறதுக்குள்ள கடைப்பக்கம் போய்ட்டு வந்துட்டாரா? காலு கோலம் போடுதே!"

மதுவிலக்கை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாராயக் கடை பாலத்தடியிலேயே இருந்தது.

"உம் புருசன் மிச்சம் வெச்சாத்தானேடி நாங்க போக!" என்றாள் கமருன்னிஸா.

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். குடிகாரன் என்ற பேர் நாலு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் கழுவிவிடலாம். டிபிக்காரன் என்ற பேர் பெண்ணின் பெண் வரைக்கும் போகும். இந்தக் கணக்கில்தான் அவள் இரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

குடைக் காம்பால் அவர் முதுகை இரண்டு முறை தொட்டாள். தாவூதும் சிரித்தார்.

பாபநாசத்தில் ஆபீஸ் வாசலில் ஒரு போலீஸ் வேன் நின்றது. கிழக்கே நாலு வருஷத்துக்கு முன்னால் கூலித் தகராறில் குடிசையோடு ஆட்களை எரித்ததை யாரும் மறக்கவில்லை. நில விவகாரம் என்றால் இப்போதெல்லாம் வேன் வந்துவிடும். மரத்தடியில் ஒரு பக்கம் குத்தகைதாரர்கள், ஒரு பக்கம் மிராசுதார்களின் ஆட்கள். நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது.

"சம்மந்தியம்மா! அஸ்ஸலாமு அலைக்கும்."

கமருன்னிஸா சட்டென்று தாவூதின் பின்னால் நகர்ந்தாள். ஹமீதாவின் மாமனார் ஜெய்னுலாபுதீன். குடவாசலில் அரிசி மில் வைத்திருக்கிறவர். அத்தர் வாசனையோடு, வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றார்.

"வ அலைக்கும் ஸலாம். நீங்க எங்க இங்க?"

"மில்லு லைசென்சு விஷயமா ஒரு கையெழுத்து. அந்தக் குமாஸ்தா மூணு நாளா நாளைக்கி வா, நாளைக்கி வாங்கிறான். சம்மந்தி, சௌக்கியந்தானா? அறுப்பு எப்போ?"

ஒரு தொடுகை.

"ஆமா" என்றார் தாவூது.

"அறுப்பு எப்போன்னு கேட்டா ஆமாங்கிறாரே! நெல்ல எங்க மில்லுக்குக் கேட்டுடுவேன்னு பயமா?" ஜெய்னுலாபுதீன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

இரண்டு தொடுகை. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். கமருன்னிஸா பேச்சை மாற்றினாள்.

"ஹமீதா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, ராணி மாதிரி. ஒங்க புள்ள வந்தப்பறந்தான் எங்க வீட்டுல கொழம்புக்கு ருசி வந்துச்சு." சொல்லிவிட்டு அவர் வராந்தாத் தூணில் சாய்ந்து குமாஸ்தாவுக்காகக் காத்திருந்தார்.

டவாலிச் சேவகன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். ஒரு பேரை மூன்று தடவை கூப்பிடுவான். மூன்றாவதற்குள் உள்ளே போகாவிட்டால் அந்த வழக்குக் கட்டை மூடிவிடுவார்கள். கமருன்னிஸா கண்ணை எடுக்காமல் அவன் வாயையே பார்த்திருந்தாள். முன்னால் போனவர்கள் சீக்கிரம் திரும்பினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "நீர்தானே உழுறது?" "ஆமாங்கய்யா." முத்திரை விழுந்தது.

அதைக் கேட்கக் கேட்க அவளுக்குத் தெம்பு வந்தது. முந்தின நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். 'ஆபீசர் உங்க மொகத்தப் பாத்தா ஆமாங்கய்யான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க.'

"சேக் தாவூது!"

முதல் தடவையிலேயே முதுகில் தொட்டாள். அவர் எழுந்து, ஆடாமல் இருக்கச் சுவரில் விரலை ஓட்டிக்கொண்டே உள்ளே போனார். பெண்கள் வாசற்படியோடு நிற்க வேண்டும். குடை அங்கிருந்து எட்டாது.

உள்ளே யூனுஸ் ஏற்கனவே நின்றிருந்தான். பக்கத்தில் சாமா. தாவூது தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தலையை அசைத்தார். யூனுஸ் மேஜைக் காலைப் பார்த்தான்.

ஆபீசர் சின்ன வயசுக்காரர், வெளியூர். "சேக் தாவூது நீங்கதானா?"

"ஆமாங்கய்யா!" கொஞ்சம் சத்தம் கூடிவிட்டது. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான்.

"நாகேஸ்வரன் நிலம், எட்டு மா."

"ஆமாங்கய்யா."

கமருன்னிஸா மூச்சு விட்டாள். சாமா அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்கோ. போன பங்குனியிலயே விட்டுக்குடுத்து எழுதிக் குடுத்துட்டார்."

ஆபீசர் தாளை விரித்து உரக்கவே படித்தார். "மேற்படி எட்டு மா நிலத்தின் சாகுபடி பாத்தியதையை நான் மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து, இதைப் படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துச் செய்தேன்."

பங்குனி. ஹமீதாவுக்குக் கரு கலைந்து, கமருன்னிஸா குடவாசலில் பதினைந்து நாள் தங்கியிருந்த பங்குனி. அந்தப் பதினைந்து நாளும் அவர் தம்பி வீட்டில்தான் சாப்பிட்டார்.

ஆபீசர் தாளைத் தாவூது பக்கம் திருப்பி அடியில் விரலை வைத்தார். "இது உங்க கையெழுத்தா?"

தாவூது குனிந்து பார்த்தார். புரிகிற கேள்வி ஒன்று கடைசியில் வந்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். "ஆமாங்கய்யா, எங்கையெழுத்துதான்."

"நீங்களா மனசார விட்டுக் குடுத்ததுதானே?"

"ஆமாங்கய்யா."

"இப்ப சாகுபடி இவரா?" பேனா யூனுஸைக் காட்டியது.

"ஆமாங்கய்யா. எந்தம்பிதான்."

ஆபீசர் பேனா மூடியைக் கழற்றினார்.

அந்த ஒரு கணம் நீண்டுகொண்டே போனதாகக் கமருன்னிஸா சொல்வாள். மின்விசிறி சுற்றுவது கேட்டது. தாளில் நிப்பு தொடுகிற சத்தம்கூடக் கேட்டதாம். படிக்கக் கேட்டு என்று எழுதியிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத, காது கேட்காத மனுஷன் எதைப் படிக்கக் கேட்டான்? அதைச் சொன்னால் அந்தத் தாள் வெறும் தாள். ஆனால் சொல்ல வேண்டியது அவள். அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், தூணில் சாய்ந்தபடி, அத்தர் வாசனை.

"ஐயா, எழுதாதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்; தாவூதைத் தவிர.

"யாரும்மா நீங்க?"

"அவரு சம்சாரம். அந்தத் தாளுல இருக்கறது அவருக்குத் தெரியாதுங்கய்யா. படிச்சிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. அவருக்குக் காது கேக்காது."

"நன்னாயிருக்கே!" என்றார் சாமா. "இவ்வளவு நாழி சாருக்குப் பதில் சொன்னது யாரு, என் தாத்தாவா? ஊர்ல யாரை வேணாலும் கூப்பிட்டுக் கேளுங்கோ சார். சலாம் சொன்னா சலாம் சொல்றார். ஜோக் சொன்னா சிரிக்கறார். நேத்து வரைக்கும் கேட்ட காது, தாலுகா ஆபீஸ் வாசப்படி மிதிச்சதும் அடைச்சுண்டுடுத்தாக்கும்."

மரத்தடியிலிருந்து சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஊரே வந்து சத்தியம் செய்யும், ராவுத்தருக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று. இரண்டு வருஷம் அவளே ஒவ்வொருத்தராகத் தயார் செய்து வைத்த சாட்சிகள்.

"எப்பலேருந்தும்மா கேக்கல?"

"ரெண்டு வருஷமா."

"எதனால?"

அவள் ஜெய்னுலாபுதீனைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் நிமிர்ந்து நின்றுவிட்டது தெரிந்தது.

"எதனாலம்மா? பொறவியா, அடிகிடி பட்டுச்சா?"

"தெரியலீங்கய்யா. வயசு..." குரல் போய்விட்டது. காது கேட்காது என்று காட்டக் கையைத் தன் காதில் வைத்து ஆட்டினாள்.

அப்போதுதான் தாவூது திரும்பினார். எல்லோர் முகமும் வாசலைப் பார்ப்பதைக் கண்டு திரும்பினார். மனைவி நாலு பேர் நடுவில் காதைத் தொட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வெளியே இரண்டு வருஷத்தில் அவள் ஒருமுறைகூடச் செய்யாத சைகை. சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று அவர் நினைத்தார். முகத்தில் இருந்த இறுக்கம் கழன்றது.

"ஆமாங்கய்யா!" என்றார். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்குத் தெரியாது. "காது போச்சு! எனக்கு டிபி வந்துச்சு. தொண்ணூறு ஊசி போட்டாங்க. அதுல நரம்பு செத்துப் போச்சுன்னு டாக்டரு சொன்னாரு. புள்ள நிக்காஹுக்காக வெளிய சொல்ல வேணாம்னா இவ. இப்ப அவளே சொல்லிட்டா. நானும் சொல்லிப்புடறேன்!"

படுத்திருந்த மாடு எழுந்து நின்றது. மரத்தடியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கமருன்னிஸா கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். அவர் அதற்குள் மேஜைப் பக்கம் திரும்பிவிட்டார்.

இரண்டடி வைத்து, கொஞ்சம் ஆடி, யூனுஸின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இந்தா நிக்கிறான் பாருங்க. இவந்தான் என்னயத் தூக்கிக்கிட்டு ஓடுனான். இவனுக்கு எல்லாந் தெரியும். எனக்காகத்தான் இன்னிக்கு இங்க வந்து நிக்கிறான். இவனக் கேளுங்கய்யா, பொய் சொல்லமாட்டான்."

தாவூதின் கை தம்பியின் தோளிலேயே இருந்தது.

"யூனுஸ்" என்றார் ஆபீசர். "இவரு சொல்றது நெசமா? போன பங்குனியில உங்க அண்ணனுக்குக் காது கேட்டுச்சா, இல்லையா?"

"யோசிச்சுச் சொல்லும்" என்றார் சாமா, மெல்லிய குரலில்.

யூனுஸ் கையைக் கட்டிக்கொண்டான். "எனக்கு ஒரு வாரம் டயம் குடுங்க சார்."

"அண்ணனுக்குக் காது கேக்குமான்னு சொல்றதுக்கு ஒரு வாரமா?"

தாவூது தம்பியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சாட்சி சொல்லிவிட்டான் என்று எண்ணி, நன்றியோடு தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஆபீசர் பேனாவை மூடினார். "அடுத்த வியாழக்கிழமை. டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும். இப்ப கேக்கலங்கறது போதாதும்மா. பங்குனிக்கு முன்னாடியே கேக்கலன்னு பழைய சீட்டு எதாவது இருக்கா?"

"தேடிப் பாக்கறேங்கய்யா" என்றாள் கமருன்னிஸா.

"இல்லேன்னா, தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லணும்." ஆபீசர் யூனுஸைப் பார்த்துக்கொண்டே அடுத்த கட்டை எடுத்தார்.

அவள் திரும்பியபோது தூணருகே யாரும் இல்லை.

பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாவூது நிறுத்தாமல் பேசினார். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினார். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கேட்டார், "யூனுஸ் ஏன் நம்மளோட வரல?"

அவள் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். அவர் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தார். இரு பக்கமும் வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறந்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நோட்டீசில் இருந்த பேரை. தாளை எழுதி வாங்கியவன் பேரை.

தாவூது இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஆனது இதுதான். எட்டு மா நிலம் புத்தகத்தில் யார் பேரிலும் ஏறவில்லை. சாமா ரயிலேறிக் கும்பகோணம் போய், வக்கீல் ஒருத்தரைப் பார்த்தார். யூனுஸ் வீட்டுக்குப் போய்ப் படுத்தவன், சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சேக் தாவூது வீட்டுக்குள் நுழைந்ததும் கமருன்னிஸாவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் பார்க்காவிட்டால் அவளால் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. ஜெய்னுலாபுதீன் லைசென்சு கையெழுத்து வாங்காமலே மூன்றேகால் பஸ்சில் குடவாசல் திரும்பினார். ஹமீதா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. மகனை மில்லிலிருந்து கூட்டிவர ஆள் அனுப்பினார்.